அந்தமான் வரும் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு: கடலுக்கும் ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள்

அன்புள்ள தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு,

போர்ட் பிளேரில் குடியிருக்கும் தமிழர்களில் நானும் ஒருவன். 2024 செப்டம்பர் முதல் இந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்றாலும், உங்கள் பலருக்கும் பழைய பெயர்தான் பழக்கம் என்பதால் அதையே எழுதுகிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் ஒரே கேள்வியோடு போன் செய்வார்கள்: "அங்கே இப்போ மழையா? கடல் எப்படி இருக்கு?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இங்கே வரப்போகும் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தீவுகள் எவ்வளவு தொலைவுக்குப் பரந்து கிடக்கின்றன என்பதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தீவுகள், திட்டுகள், பாறைகள் எல்லாம் சேர்த்து அரசுக் கணக்கில் 836. மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு. வடக்கே லேண்ட்ஃபால் தீவிலிருந்து தெற்கே கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை வரை, ஏறத்தாழ 14 பாகை வட அட்சரேகையிலிருந்து 7 பாகைக்கும் கீழே நீள்கிறது இந்த வரிசை. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள தொலைவைவிடச் சற்று அதிகம். சென்னையில் மழை என்றால் நாகர்கோவிலிலும் மழை என்று யாரும் சொல்ல மாட்டோம். வடக்கே திக்லிப்பூரில் வெயில் காயும் நாளில் தெற்கே கேம்பல் பேயில் மழை கொட்டுவது இங்கே சாதாரணம். நிக்கோபார் பூமத்திய ரேகைக்கு நெருக்கம். அங்கே மழையில்லாத மாதம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலத்தில் பத்துப் பாகைக் கால்வாய் கிடக்கிறது. பெயர்தான் கால்வாய், இரு பக்கமும் கரை தெரியாத திறந்த கடல் அது. அதைக் கடந்து போய்வரும் தீவு மக்களைக் கேட்டால், அங்கே அலை எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

இனி மாதங்களைப் பார்ப்போம். கேரளத்துக்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அன்று வரும். அதற்கு ஏறத்தாழ பத்து நாள் முன்னரே, மே மூன்றாம் வாரத்தில், அது எங்களிடம் வந்துவிடும். 2025-இல் மே 13 அன்றே நிக்கோபார் பகுதிக்குப் பருவமழை வந்துவிட்டதாக இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அக்டோபரில் காற்று திசை மாறத் தடுமாறும். இடியும் மின்னலும் அதிகம். நவம்பரிலும் டிசம்பரிலும் வாடைக்காற்றோடு அடுத்த மழை. ஆக, மே தொடங்கி டிசம்பர் வரை மழை வாய்ப்புள்ள மாதங்கள்தான். போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையின் மழையைப்போல இரண்டு மடங்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வானம் ஓரளவு தெளிந்து கடலும் அடங்கியிருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் பளிங்குபோல் கிடக்கும் நாட்கள் உண்டு. பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதக் கடைசியில் வருகிறவர்கள், பருவமழை நுழையும் அதே வாரத்தில் வருகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மழையைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காற்றை. மழையில் படகு போகும். பலத்த காற்றில் போகாது. இதில் நம்மவர்கள் பலர் தவறவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. ஜூலையில் ஒடிசா கரையருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால், அது எங்கோ நடக்கிறது, அந்தமானுக்கு என்ன என்று தோன்றும். அந்தத் தாழ்வு தன்னை நோக்கித் தென்மேற்குக் காற்றை இழுக்கும்போது, அந்தக் காற்று அந்தமான் கடல்மீதும் பலம் கூடி வீசும். தாழ்வு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் இங்கே அலை உயரும், மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும், படகுகள் ஜெட்டியில் கட்டப்படும். வானம் நீலமாக இருக்கிறதே, ஏன் போட் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இன்னும் தொலைவில், இந்துமாக்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல்கள் கிளப்பிய அலைகள் பல நாட்கள் ஓடி வந்து, காற்றே இல்லாத நாளிலும் மேற்குக் கரைகளில் மோதும்.

வங்கக்கடல் புயல்களில் பலவற்றுக்கு எங்கள் கடல்தான் தொட்டில். 2013 அக்டோபரில் பைலின், மாயாபந்தர் அருகே தீவுகளைக் கடந்துபோய் 12-ஆம் தேதி ஒடிசாவைத் தாக்கியது. 2014 அக்டோபர் 8 அன்று ஹுத்ஹுத், லாங் தீவைக் கடந்துபோய் நான்கு நாள் கழித்து விசாகப்பட்டினத்தைச் சிதைத்தது. 2013 நவம்பரில் வந்த லெஹர் இதற்கு நேர் எதிர். ஆந்திரக் கரையை அடையும்போது அது வலுவிழந்து வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது. ஆனால் போர்ட் பிளேர் அருகே கடந்தபோது தீவிரப் புயலாக இருந்தது. மெயின்லேண்டில் அது நினைவில் நிற்காத புயல். இங்கே மரங்கள் சாய்ந்த புயல். ஆகவே அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை வானிலைச் செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். "அந்தமான் கடல்", "தென்கிழக்கு வங்கக்கடல்" என்ற சொற்கள் அறிக்கையில் வந்தால் உங்கள் பயணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பொருள்.

நீங்கள் பெரும்பாலும் போகும் இடங்கள் ஹேவ்லாக்கும் நீலும். இன்றைய பெயரில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் சுமார் 57 கிலோமீட்டர். துறைமுகத்தின் வாய் தாண்டியதும் படகு திறந்த கடலுக்கு வந்துவிடும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கு அந்தமானின் குன்றுகள் ஓரளவு மறைப்புத் தருகின்றன. வாடைக்காற்று வீசும்போது அந்த மறைப்பு இல்லை. அலை படகை ஆட்டும். நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வருவது நல்லது.

ஹேவ்லாக் தீவிலேயே இரண்டு கடல்கள் இருக்கின்றன என்று சொல்லலாம். உலகம் புகழும் ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு அலைகளை நேராக வாங்கும். விஜயநகர், காலாபத்தர் கரைகள் கிழக்கே பார்த்தவை. அவை வாடைக்காற்றில் கலங்கும். ஒரு கரையில் சிவப்புக் கொடி பறந்தால் மறுகரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். குளிக்கத்தான் வேண்டும் என்று அந்தக் கொடிக்கு எதிராக இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் விசில் ஊதினால் உடனே கரைக்கு வாருங்கள். சதுப்புக் காடும் ஓடை முகமும் உள்ள இடங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்ற சிறு விரிகுடாவில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கால் நனைக்காதீர்கள்.

அடுத்து ஏற்றமும் வற்றமும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். நீல் தீவின் லக்ஷ்மண்பூரில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தை வற்றத்தில்தான் நடந்துபோய்ப் பார்க்க முடியும். ஏற்றம் தொடங்கிவிட்டால் திரும்பும் பாறைவழி தண்ணீருக்குள் போய்விடும். அங்கே புகைப்படத்துக்காகக் கடைசி வரை நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். வழிகாட்டி "கிளம்புங்கள்" என்று சொன்னால் அப்போதே கிளம்பிவிடுங்கள். வற்றத்தில் நடக்கும்போது உயிருள்ள பவளத்தின்மேல் காலை வைக்காதீர்கள். 2010-இலும் 2016-இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் இங்குள்ள பவளப் பாறைகள் பெருமளவில் வெளுத்தன. மீண்டு வருவதை நம் பாதங்கள் நசுக்கக் கூடாது.

வெளிச்சமும் ஒரு கணக்கு. நாங்கள் வாழ்வது இந்தியாவின் கிழக்கோரத்தில். கடிகாரம் மட்டும் உங்கள் கடிகாரம். நவம்பரில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் நாலரை மணி என்றால் மாலை தொடங்குகிறது. இங்கே அது வெளிச்சம் மங்கும் நேரம். அதனால்தான் சிறிய படகுகள் பிற்பகலிலேயே நிறுத்தப்படுகின்றன. "இன்னும் ஒரு ரவுண்ட்" என்று படகுக்காரரைக் கெஞ்சாதீர்கள்.

இப்போது கனத்த மனதோடு ஒரு நாளை நினைவூட்ட வேண்டும். 2014 ஜனவரி 26. ராஸ் தீவிலிருந்து நார்த் பே நோக்கிப் போன ஒரு சுற்றுலாப் படகு, போர்ட் பிளேருக்கு வெகு அருகிலேயே கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து குழுவாக வந்த நம் தமிழ் மக்கள். கடல் அடங்கியிருக்கும் என்று எல்லாரும் நம்பி வரும் ஜனவரி மாதம். ஊர் கண்ணுக்குத் தெரியும் தொலைவு. படகில் ஏற்ற வேண்டிய அளவைவிட மிக அதிகமான ஆட்கள் இருந்தார்கள். நல்ல சீசன், குறைந்த தூரம் என்ற இரண்டும் நம்மைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம். படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள். அதற்குமேல் ஆள் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள். குழுவில் எல்லாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு இரண்டு படகாகப் பிரிந்து போங்கள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் அளவுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று 2016 டிசம்பர் முதல் வாரம். தீவுகளின் அருகே உருவான தாழ்வு மண்டலத்தால் பலத்த மழையும் காற்றும் அடிக்க, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் போன கடற்படைக் கப்பல்களே உடனடியாகத் துறைக்குள் நுழைய முடியாமல் வெளியே காத்திருக்க நேர்ந்தது. கடல் சற்றுத் தணிந்த பிறகு எல்லாரும் பத்திரமாகக் கொண்டுவரப்பட்டார்கள். அதே தாழ்வு மண்டலம்தான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது. அந்த நாட்களில் படகுகளை நிறுத்திவைத்த முடிவு எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை, வர்தாவைக் கண்ட சென்னைக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒவ்வோர் ஆண்டும் எனக்கு வருத்தம் தருவது இதுதான். காற்று பலமாகிப் படகு நிறுத்தப்பட்டால் ஜெட்டியில் சண்டை தொடங்கும். "நாளைக்கு ஃப்ளைட், என்ன செய்வது?", "பணம் கட்டியிருக்கோம்", "நேத்து போச்சே, இன்னைக்கு ஏன் போகாது?" என்று டிக்கெட் கொடுக்கும் ஊழியரைச் சூழ்ந்துகொள்வார்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. வருடக்கணக்கில் சேர்த்த பணம், அரிதாகக் கிடைத்த லீவு. ஆனால் அந்த ஊழியர் உங்களைத் தடுப்பவர் அல்லர். வானிலை மையம் எச்சரிக்கை விடுத்திருக்கிறது, துறைமுகம் படகைத் தடுத்திருக்கிறது. அவர் அதைச் சொல்கிறார். நம் துறைமுகங்களில் 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் ஒரு மீனவரும் அதோடு வாதம் செய்வதில்லை. நாமும் செய்ய வேண்டாம். பயணிகள் கூட்டமாகக் கொடுக்கும் அழுத்தம், ஒரு சிறு படகுக்காரரை எல்லை மீற வைத்துவிடும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு நாள் தடைப்படும் கடல், தீவு மக்களுக்கு வாழ்க்கை முழுவதும் தடைபோடும் கடல். லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலிருந்தும் நிக்கோபாரிலிருந்தும் பெரிய மருத்துவமனைக்கு வர வேண்டிய நோயாளிகள் கப்பலையோ ஹெலிகாப்டரையோ நம்பியிருக்கிறார்கள். இரண்டும் வானிலையை நம்பியிருக்கின்றன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் போர்ட் பிளேர் வந்து போவதற்கும் இதே கடல்தான் வழி. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் ஓடி வரும் கப்பல்கள் தாமதமானால் இங்கே வெங்காயம், காய்கறி விலை ஏறும். ஆகவே படகு மறுபடி ஓடத் தொடங்கும் நாளில், நோயாளிக்கும் தீவுக்காரருக்கும் முதல் இடம் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேருக்குக் குடிநீர் தருவது தனிக்காரி அணை. மார்ச், ஏப்ரலில் அதன் நீர்மட்டம் இறங்கும்போது வீடுகளுக்குச் சில நாட்களுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். நீங்கள் விரும்பி வரும் வெயில் மாதங்கள் எங்களுக்குப் பற்றாக்குறை மாதங்கள். விடுதியில் குழாயைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாத முதல் மழை உங்கள் பயணத்தைக் கெடுத்தால், அந்த மழைக்காகவே ஒரு ஊர் காத்திருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வானிலையோடு சேராதது என்றாலும் கடற்கரைக்குப் போகும் எவரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தபோது, இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கே கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துவிட்டது. வடக்கு அந்தமானில் கடலடிப் பவளம் மேலெழுந்து வெயிலில் காய்ந்தது. நிலநடுக்கம் ஓய்ந்த சில நிமிடங்களில் நிக்கோபார் கரைகளை அலை அடைந்தது. லிட்டில் அந்தமானின் ஓங்கே பழங்குடி மக்கள் அறிகுறி கண்டு உயரமான இடத்துக்குச் சென்று தப்பினார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை தருகிறது. இருந்தாலும் கரையில் நிற்கும்போது நீண்ட நேரம் பலமாக நிலம் குலுங்கினால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

முடிவாக என் வேண்டுகோள்கள். ஹேவ்லாக்கையும் நீலையும் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள். விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள். திட்டத்தில் எந்த வேலையும் இல்லாத ஒரு நாளைக் கடலுக்கென்று விட்டுவையுங்கள். கடல் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் செல்லுலார் சிறையையும் வெற்றிமலை முருகன் கோவிலையும் நிதானமாகப் பார்க்கலாம். கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையத்தின் அந்தமான் அறிக்கையையும், இன்காய்ஸ் தரும் அலை உயரக் கணிப்பையும் பாருங்கள்.

நம் ஊரில் குழுப் பயணம் நடத்துகிறவர்களுக்கும் தனியாக ஒரு சொல். நான்கு இரவு, ஐந்து பகலுக்குள் எல்லாத் தீவையும் திணித்து விற்காதீர்கள். அட்டவணை இறுகும்போதுதான் ஆட்கள் தவறான படகில் ஏறுகிறார்கள். ஒரு நாள் கூடினால் செலவு கூடும். அதை முன்னரே வெளிப்படையாகச் சொல்லுங்கள். மக்கள் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் தீவுகளுக்கு வாருங்கள். பிள்ளைகளை அழைத்து வாருங்கள், பெற்றோரையும் அழைத்து வாருங்கள். "இன்றைக்குப் போட் இல்லை" என்று ஜெட்டியில் யாராவது சொன்னால், அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். நீங்கள் எல்லாரும் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம்.

அன்புடன்,
போர்ட் பிளேரிலிருந்து ஒரு தமிழர்